தீனி போட்டவர்களின் பெயர்

எனக்கு மாடு விடும் விழா என்றாலே ஆகாது. ஆம்பூர்ப் பக்கம் வாழ்ந்துகொண்டு இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தை பிறந்துவிட்டால் இங்கே யாருக்கும் கால் தரையில் நிற்காது. தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை நட்டு, நடுவில் மண் கொட்டி, ஒவ்வொரு மாடாக அவிழ்த்து விடுவார்கள். யாரும் அடக்கத் தேவையில்லை. எந்த மாடு சீக்கிரம் ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. அந்தச் சில நொடி ஓட்டத்துக்காக வருஷம் பூராவும் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு வளர்த்து, குடியாத்தத்திலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

என் வீட்டுக்காரர்தான் எங்கள் ஊர் விழாவில் மைக் பிடிப்பவர். மற்ற நாட்களில் அவருக்குத் தோல் கம்பெனியில் டிரம் ஓட்டுகிற வேலை. பெரிய மரப் பீப்பாய் மாதிரி டிரம்கள் சுற்றுகிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியே பழகிவிட்டதால் வீட்டிலும் அதே தொண்டைதான். சாப்பாட்டில் உப்பு பற்றவில்லை என்று சொன்னால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். "யோவ், என் சமையல் லட்சணம் ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்பேன். அதற்கும் சிரிப்பார், அதுவும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

நான் அவரைச் சீண்டுவதற்கு வைத்திருந்த கேள்வி ஒன்று உண்டு. "வாரம் ஆறு நாள் மாட்டுத் தோலை உருட்டுற, ஏழாவது நாள் மாட்டுக்கு மாலை போடுற. இன்னா மனுஷன்யா நீ?" ஒரே ஒரு தடவைதான் அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். "டிரம்முக்கு வர்றதுக்குப் பேர் கெடையாதுடி. இதுங்களுக்குப் பேர் இருக்குது, தீனி போட்டவங்களுக்கும் பேர் இருக்குது" என்றார். அதற்கு மேல் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தப் பெயர்கள்தான் அவருடைய மகிமையே. மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் அதன் சொந்தக்காரர் மேடைக்கு வந்து இவர் காதோடு விவரம் சொல்லிவிட்டுப் போவார். எந்த ஊர், எத்தனை வயசு, போன வருஷம் எங்கே பரிசு அடித்தது என்று. மற்ற ஊர்களில் மைக் பிடிக்கிறவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். "தீனி போட்டது யாரு?" என்று கேட்பார். அங்கேதான் ஆள் தடுமாறும். ஏனென்றால் போஸ்டரில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பது ஒருவர், தினம் சாணி அள்ளித் தண்ணீர் காட்டுவது அவர் அம்மாவோ பெண்டாட்டியோ. அந்தப் பெயரை வாங்கிக்கொண்டுதான் மாட்டை விடச் சொல்வார். நாலு திசையிலும் கட்டின குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் பெயர் முழங்கும். மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிற பெண்கள் கைதட்டுவார்கள். நாளாக ஆக, இவர் காதில் விவரம் சொல்லாமல் அவிழ்த்த மாடு ஓடாது என்கிற நம்பிக்கையே வந்துவிட்டது.

தொண்டை கட்டியபோது நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்துகிற தொண்டை கட்டத்தானே செய்யும். மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு என்று மாதங்கள் ஓடின. கடைசியில் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பரிசோதனையெல்லாம் முடித்து டாக்டர் நிதானமாகச் சொன்னார். புற்று. குரல்வளையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, ஆனால் இப்போதே எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். பேச்சு போய்விடும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு நிமிஷம் வாய் மூடவில்லை. கண்டக்டரிடம் பேசினார், முன் சீட்டுக் குழந்தையிடம் பேசினார், ஜன்னலோரம் வருகிற ஊர்களின் பெயரையெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாளில் விழாக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே எதிர்வீட்டு பாயும் வந்தார். ஆபரேஷனுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. அதற்குப் பிறகு வேலை இருக்காது, சோற்றுக்கு வழி வேண்டும். அதனால் இந்த வருஷ விழா முழுக்க இவருக்காக நடக்கும், வசூலாகிற பணம் எங்களுக்கு என்றார்கள். போன வருஷம் ஜெயித்தவர், இந்த வருஷம் முதல் பரிசாக வரப்போகிற பைக்கை இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாடு இன்னும் ஓடவே இல்லை, அதற்குள் பரிசைத் தானம் செய்துவிட்டார். குடியாத்தத்து நெசவாளிகள் லுங்கிக் கட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் வேலை செய்கிற ஷூ கம்பெனியில் என்னோடு தையல் மிஷினில் உட்காருகிற பெண்கள் வசூலுக்கு வீடு வீடாகப் போவதாகச் சொன்னார்கள். "சமையல் என்னோடது மா. பிரியாணி நம்ம அடுப்புல" என்றார் பாய். அழுதுவிட்டேன். இப்படி ஒரு ஊரில் வாழ்கிறோமே என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன்.

இத்தனை நல்ல மனசுக்காரர்களில் ஒருவர்கூட மைக் யார் பிடிப்பது என்று கேட்கவில்லை. வேறொருவர் பிடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. போஸ்டரில் இவர் படம் போட்டு, இவர் குரலில் கடைசி விழா என்று அச்சடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் வெளியூர் மாடுகள் குவிந்தன. தொண்டை போன பிறகு சோறு போட, அந்தத் தொண்டையையே முன்னால் நிறுத்தினார்கள். ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதி விழாவுக்கு முன்னால் வந்தது. இவர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, வீட்டில் ஒரு விசேஷம், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"உனக்கு உயிரு பெருசா, மாடு பெருசா?" என்று சண்டை போட்டேன்.

"ஒரு பத்து நாளுதானே. அப்புறம் ஆயுசு பூரா நீதான் பேசப்போற, நான் கேக்கப்போறேன். இந்த ஒரு தடவை நான் பேசிக்கிறேனே" என்றார்.

பத்து நாள் என்பது பத்து நாளாக இருக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மாடு முட்டி இறந்துபோனார். பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் மறுபடி பார்த்துவிட்டுத்தான் அனுமதி என்று எல்லா ஊர் விழாவையும் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் தேதி தள்ளிப்போனது. இரட்டைத் தடுப்பு கட்டினார்கள், ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்தார்கள், கால்நடை டாக்டரைப் பேசி வைத்தார்கள், மறுபடி தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் இவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டார். சோறு இறங்காமல் கஞ்சிக்கு வந்தார். கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. கமிட்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று, "வேற ஆள வெச்சிப் பண்ணுங்க, இவர விடுங்க" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன்தான் வேணாங்கறாரு அண்ணி. வேற ஆளுன்னா விழாவே வேணாங்கறாரு" என்றார். அது உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

மாசி பிறந்த பிறகு விழா நடந்தது. நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பாயின் சம்சாரம் வந்து, "வா அக்கா, மாடியிலேர்ந்து பாக்கலாம்" என்று இழுத்துப் போனார்.

டிராக்டர் டிரெய்லரைத்தான் மேடையாகப் போட்டிருந்தார்கள். இளைத்த உடம்பில் புதுச் சட்டை தொளதொளவென்று தொங்க நின்றிருந்தார். ஆனால் மைக்கைக் கையில் வாங்கியதும் நான் கட்டிக்கொண்டு வந்த பழைய ஆள் வந்துவிட்டார். குரல் கரகரவென்றுதான் இருந்தது. இருந்தாலும் ஒரு மாட்டையும் விடவில்லை. ஒவ்வொரு சொந்தக்காரரும் காதோடு விவரம் சொன்னார், இவர் தீனி போட்டவர்களின் பெயரை முழங்கினார். கொம்பில் துண்டு கட்டின மாடுகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. வெயில் ஏற ஏற குரல் தேய்ந்தது. ஒரு கட்டத்தில் வாய் அசைகிறது, ஸ்பீக்கரில் காற்றுதான் வருகிறது. அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ அந்த மாட்டின் ஊரைக் கத்தினார். இன்னொருவர் வயசைக் கத்தினார். வருஷக்கணக்காக இவர் வாயால் கேட்டுக் கேட்டு ஊருக்கே மனப்பாடம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கூட்டமே சேர்ந்து மாட்டுக்கு மாடு விவரம் சொன்னது. இவர் மைக்கை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார்.

கடைசி மாடு ஓடி முடிந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி மைக்கை வாயோடு ஒட்டிவைத்தார். "இந்த வாய்க்குச் சோறு போட்டது" என்று ஆரம்பித்து என் பெயரைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து 'அடியே' தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத மனுஷன். என் பெயர் நாலு ஸ்பீக்கரிலும் உடைந்து உடைந்து வந்தது. மாடியில் பெண்கள் கைதட்டினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

நாங்கள் வேலூருக்குப் போனபோது டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "விசேஷம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். புற்று பரவியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். குரல் போனது. அவர் கைதட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். படபடவென்று தட்டினால் கோபம். நானும் அவரோடு கைதட்டியே சண்டை போட்டிருக்கிறேன். ஆயுசு பூரா நீ பேசு, நான் கேட்கிறேன் என்றாரே, அந்த ஆயுசு ஐப்பசி வரைதான் வந்தது. கடைசி வாரத்தில் தட்டுவதற்கும் கையில் தெம்பு இல்லை.

அடுத்த தை வந்தது. தெருவில் கட்டை நடுகிற சத்தம் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழா அன்று கம்பெனிக்கும் லீவு விட்டுவிட்டார்கள், போக்கிடம் இல்லை. கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். காலையில் வாசலில் சலங்கைச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை செய்கிறவர், வருஷா வருஷம் மாடு கொண்டு வருகிறவர், மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தெரு நெடுக மாடுகள் வரிசையாக நின்றன.

"அண்ணி, விவரம் சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

"மேடையில புது ஆளு கீறாரே, அவராண்ட போய்ச் சொல்லு."

"அவராண்டயும் சொல்லுவேன். மொதல்ல இங்க சொல்லாம அவுக்க மனசு வரல."

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "நீங்கல்லாம் சேந்துதான் அவரக் கொன்னீங்க. உங்க ஆசையும் அவர் ஆசையும் சேந்துதான் கொன்னுது. போஸ்டர் அடிச்சிக் கொன்னீங்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒருவரும் நகரவில்லை.

அவர் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "தெரியும் அண்ணி. அதனாலதான் வந்தோம்" என்றார்.

பூட்டைத் திறந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் என் காதோடு சொல்ல முடியாதில்லையா, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஊர், வயசு, போன வருஷப் பரிசு. நிறுத்திக்கொண்டார். என் வாய் தானாக, "தீனி போட்டது யாரு?" என்று கேட்டது. தன் அம்மா பெயரைச் சொன்னார். அந்த அம்மா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்திருக்கிறாராம். பெயரை மைக்கில் சொல்கிறபோது போனில் கேட்க வைப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக விவரம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். புதுப் பையன் நல்ல பையன்தான், பதற்றமாக இருந்தான். ஜோலார்பேட்டை மாட்டைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஊரைச் சொன்னான், வயசைச் சொன்னான், பரிசைச் சொன்னான். அவிழ்க்கச் சொல்லிக் கையைத் தூக்கினான். மாட்டுக்காரர் போனை உயரப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. "நிறுத்து! தீனி போட்டது அவங்க அம்மா!" என்று கத்திவிட்டு, அந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பையன் மைக்கில் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னான், பிறகுதான் மாட்டை அவிழ்த்தார்கள். அது பரிசு ஒன்றும் அடிக்கவில்லை.

சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறபோது அவர் வாசலில் வந்து நின்றார். போனில் முதலில் கேட்டது மைக்கில் வந்த குரல் இல்லை, உங்கள் குரல்தான் என்று அம்மா சொன்னதாகச் சொன்னார்.