பொன்முடியில் ஒரு பரிசோதனை

கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கழக்கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு ரேடியோ தொலைநோக்கிக்கு நாங்கள் பெட்டி செய்தோம். வேறொரு கண்டம், பாலைவனத்துக்கு நடுவில் ஒரு மலை. அங்கே வானத்திலிருந்து வருகிற சமிக்ஞைகளைப் பதிவு செய்து வைக்கிற பெட்டி அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்த மாதிரி வேலைகள் எங்கள் ஊருக்கும் வர ஆரம்பித்திருந்தன. சின்ன கம்பெனி, பத்துப் பேர்கூட இல்லை. பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராம் முழுக்க நான் எழுதினது. அதனால் பெட்டியோடு மலைக்குப் போய் அதைப் பொருத்திவிட்டு வரப்போவதும் நான்தான் என்று முதல் நாளே பேச்சு.

எனக்கு அந்த மலைக்குப் போயே ஆகவேண்டும் என்றிருந்தது. காற்றில் இருக்கிற ஈரம் அந்தச் சமிக்ஞைகளைக் குடித்துவிடும் என்பதால்தான் ஈரமே இல்லாத இடம் தேடி அவ்வளவு மேலே போகிறார்கள். பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துப்போகிற ஊரில் பிறந்தவள் நான். கரமனையில் எங்கள் தெருவுக்கு மேலே தெரிகிற வானத்தில் பாதி வருஷம் மேகம்தான். ஈரமே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே நாட்கள் ஓடின.

அம்மா ஆரியசாலைக் கடைகளில் அலைந்து ஒரு அரக்கு நிற ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். "இந்த ஊர்ல கம்பளி கேக்கற மொத ஆளு நீங்கதான் மாமின்னு கடைக்காரன் சிரிக்கறான்டீ" என்றாள். பீரோவில் எல்லாத் துணிக்கும் மேலே அதை மடித்து வைத்தாள்.

எங்கள் மேனேஜர் மலையாளி. நல்ல மனுஷர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் "ஒரு குழப்பமும் இல்ல கேட்டோ" என்று, ஒரு பிரச்சினையும் இல்லை என்கிற மாதிரி கையை ஆட்டிவிடுவார். அவருக்குத் தெரிந்த ஒரே எதிரி ஈரம். பெட்டியில் காற்றுக்காக விட்டிருந்த துளைகளை அடைக்கச் சொன்னார். கார்டுகளுக்கெல்லாம் வார்னிஷ். மூலைக்கு மூலை, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறுகிற நீலக் குருணைப் பொட்டலம். பெட்டி போகப்போவது ஈரமே இல்லாத இடத்துக்கு ஐயா என்று நான் கத்தாத குறை.

"சார், அங்க காத்தே பாதிதான். ஃபேன் எதைத் தள்ளும்? ஹார்ட் டிஸ்க்ல படிக்கிற முனை காத்து மேலதான் மிதக்குது. காத்து இல்லேன்னா அது டிஸ்கையே உரசிடும். காத்தை உறிஞ்சி எடுத்து டெஸ்ட் பண்ற அறை நம்ம ஊர்லயே இருக்கு, கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

"அதுக்கு எழுதிப் போட்டு எப்பக் கிடைக்க? உயரத்துல டெஸ்ட் பண்ணணும், அவ்வளவுதானே? நம்ம பொன்முடி இருக்கல்லோ!"

"பொன்முடி ஆயிரம் மீட்டர் சார்."

"உயரம் உயரம்தன்னே."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஜீப்பில் கிளம்பினோம். பெட்டி என் மடியில். காலடியில் எல்லாருக்குமாக இலையில் கட்டின பொதிச்சோறு, அதற்குள்ளிருந்து பொரித்த மீன் வாசனை. முட்டைகூடப் புழங்காத வீட்டில் வளர்ந்தவளுக்கு மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகளில் அந்த வாசனை போதும். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நிற்கக்கூட முடியவில்லை. விருந்தினர் மாளிகை வராந்தாவில் பிளக் கேட்டு வாங்கிப் பெட்டியை ஓட்டினார்கள். சாப்பிட்டு முடிக்கும் வரை அது சமர்த்தாக ஓடியது. ஓடாமல் என்ன? கழக்கூட்டத்தில் ஓடுகிறது பொன்முடியிலும் ஓடும்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பெட்டி பாஸ். நான் ஃபெயில்.

"உங்களுக்கு உயரம் பிடிக்காது கேட்டோ. ஆயிரம் மீட்டர்லயே இந்த நிலைமை. அங்க எதாவது ஆச்சுன்னா உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? நான் போயிட்டு வரேன்."

"சார், அது உயரம் இல்ல, வளைவு. வளைவும் மீனும்."

"ஒரு குழப்பமும் இல்ல. நீங்க இங்க இருந்து போன்ல ஸப்போர்ட் பண்ணுங்க."

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்கு என்னைவிடக் கோபம். "பொன்முடிக்குப் போறச்சே வாந்தி எடுக்காதவா யாருடீ? நன்னா இருக்கே நியாயம்!" மறுநாள் பார்த்தால் ஸ்வெட்டர் பீரோவின் அடித்தட்டுக்குப் போயிருந்தது. வயிறெரிந்தது எனக்கு. ஆனாலும் மேனேஜருக்கு ஒவ்வொரு பட்டனும் என்ன செய்யும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். பெட்டி என்ன பாவம் செய்தது?

அவர் மலைக்குப் போன அன்று சாயங்காலம் கழக்கூட்டம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மொபைல் அடித்தது. மூச்சு வாங்க அவர் குரல். "பெட்டி... ரொம்பச் சூடு. டிஸ்க் கரகரன்னு... என்னவோ சத்தம்..."

"ஆஃப் பண்ணுங்க சார்! உடனே ஆஃப் பண்ணுங்க!" நான் கத்த, ஹைவேயில் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். "கேக்கல, கேக்கல" என்றார். அவருக்குக் கேட்டபோது டிஸ்க் செத்திருந்தது. அங்கே இருந்தவர்கள் பொறுக்கவில்லை. வேறு யாரிடமோ பெட்டி வாங்கிக்கொண்டார்கள். எங்களை மறுபடி கூப்பிடவே இல்லை.

பெட்டி திரும்பி வந்தபோது நான்தான் பிரித்தேன். டிஸ்கின் மேல் வட்டமாக ஒரு கீறல். மூலைகளில் நீலப் பொட்டலங்கள் வைத்த நிறம் மாறாமல் இருந்தன. ஈரம் அவற்றைத் தொடவே இல்லை.

மேனேஜர் போட்டோக்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். செம்மண் தரை, அப்படி ஒரு நீலத்தில் வானம், வரிசையாகத் தொலைநோக்கியின் வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் கீழே வைக்க மனசில்லாமல் பார்த்தேன். ஒன்றில் ஜீப்புக்குள்ளிருந்து எடுத்த சாலை. பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மேல போற ரோடு எப்படி சார்?"

"ஐயோ, அதைக் கேக்கணுமா! நேரே, நேரே ஒரே போக்கு. ஒரு வளைவு கிடையாது. வழியெல்லாம் ரொட்டியும் பழமும்தான் தந்தாங்க. உங்களுக்கு ஒரு குழப்பமும் இருந்திருக்காது கேட்டோ."

சொல்லிவிட்டு அடுத்த போட்டோவை எடுத்தார்.