நாற்பத்தேழு கிலோ பச்சைக்குழந்தை

எடை மெஷினையும் கம்ப்யூட்டரையும் பேச வைப்பதில் மைசூரில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது.

சரி, பொய். இதுவரை ஒரே ஒரு ஜோடியைத்தான் பேச வைத்திருக்கிறேன். அதுவும் போன செவ்வாய்க்கிழமை சண்டை போட்டுக்கொண்டது.

உங்களுக்குத்தான் தெரியுமே... நான் ஏழாம் கிளாஸ் ஃபெயில். மண்டி மொஹல்லாவில் எடை மெஷின் ரிப்பேர் செய்கிறவன். எங்கள் தெரு ஸ்டெல்லா சிஸ்டர் வேலை பார்க்கும் நர்ஸிங் ஹோமில், குழந்தை எடை பார்க்கும் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஆள் தேடினார்கள். "எங்க அண்ணா செய்வாரு டாக்டர்" என்று சிஸ்டர் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை நம்பி! எவ்வளவு தைரியம் பாருங்கள்?

மொபைலில் நாலு வீடியோ பார்த்து, பாதி புரிந்து, மீதியைக் காப்பியடித்து ஒரு புரோகிராம் எழுதினேன். விஷயம் இவ்வளவுதான். மெஷின் எடையை முழு எண்ணாக அனுப்பாது, பைட் பைட்டாக அனுப்பும். ஒரு பைட்டில் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது. அதனால் மூவாயிரம் கிராமை இரண்டாகப் பிரித்து அனுப்பும். நாம் அதைச் சேர்த்து மறுபடி எண்ணாக்க வேண்டும்.

சேர்த்தேன். டெஸ்ட்டும் பண்ணினேன். எப்படி? எடை மெஷின்காரன் எப்போதும் செய்வதைத்தான் — காலித் தட்டில் ஜீரோ வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

செவ்வாய் காலை, முதல் குழந்தை. மெஷினில் மூன்று கிலோ. கம்ப்யூட்டரில்...?

நாற்பத்தேழு கிலோ நூற்றுப் பதினைந்து கிராம்!

டிஸ்சார்ஜ் சீட்டும் அப்படியே பிரிண்ட் ஆகி வந்துவிட்டது. கொள்ளேகால் பஸ்ஸுக்குப் பையோடு நின்ற குழந்தையின் அப்பா அதை வாங்கிப் படித்தார்.

"ஏனுங்க சிஸ்டர், நானே அம்பத்திரெண்டு கிலோதானுங்க..."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன்ரீ இது?" என்னய்யா இது என்று அர்த்தம். மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள், இனிமேல் சிஸ்டரின் சிபாரிசு எதற்கும் வேண்டாம் என்று கன்னடத்தில் பொரிந்துவிட்டுப் போனார்.

சிஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. "அண்ணா, நான் இங்க சேந்து நாலு மாசம்தான் ஆகுது. என் மானத்த வாங்கிடாதீங்க."

சாப்பிட வரமாட்டேன் என்று சொல்ல எலிசாவுக்குப் போன் போட்டேன். எலிசா என் மனைவி, முட்டைக் கடை வைத்திருக்கிறாள். மெஷின் 'பதினொன்று, நூற்று எண்பத்து நான்கு' என்று ஒழுங்காகத்தானே அனுப்புகிறது என்று அவளிடம் புலம்பினேன்.

"பதினொண்ணுன்னா என்ன?"

"சில்லறை இருநூத்தி அம்பத்தஞ்சைத் தாண்டுனா ஒரு டப்பா. அப்படி இருநூத்தி அம்பத்தாறு கொள்ற டப்பா பதினொண்ணு. நூத்தி எண்பத்தி நாலு சில்லறை."

"நீங்க எத டப்பான்னு எண்ணுனீங்க?"

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். "நூத்தி எண்பத்தி நாலத்தான்..."

"அதானே! முப்பது முட்டை ட்ரே ரெண்டு, சில்லறை இருபத்தஞ்சு, ஆக எம்பத்தஞ்சு. நீங்க இருபத்தஞ்சு ட்ரே, ரெண்டு சில்லறைன்னு எண்ணியிருக்கீங்க. எழுநூத்தி அம்பத்திரெண்டு முட்டை! நல்லவேளை, உங்கள நான் கடையில உக்கார வைக்கல."

நான் காப்பியடித்த வீடியோக்காரனின் மெஷின் சில்லறையை முதலில் அனுப்புகிற ரகம். எங்களுடையது ட்ரேயை முதலில் அனுப்புகிறது. ஜீரோ ட்ரே, ஜீரோ சில்லறை... எப்படிப் புரட்டினாலும் ஜீரோதானே? அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

ஒரே வரி. முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால் போட்டேன். மூன்று கிலோ! கொள்ளேகால்காரர் புதுச் சீட்டோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். டாக்டர் அடுத்த சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சிஸ்டருக்கு அதுவே போதுமாம்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் என்னவென்றால்... இருங்கள், சிஸ்டர் போன்.

"அண்ணா, துண்டோட எடை சேராம இருக்க, துண்ட வச்சு ஜீரோ பண்ணேன். துண்ட எடுத்ததும் மெஷின்ல மைனஸ் இருநூத்தி இருபது கிராம் காட்டுது, அது கரெக்ட். கம்ப்யூட்டர்ல அறுபத்தஞ்சு கிலோ காட்டுது! தட்டுல ஒண்ணுமே இல்லண்ணா. டாக்டர் வேற பக்கத்துலயே நிக்கிறாரு, பேக, சீக்கிரம் வாங்க!"

மைனஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே நான் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லவில்லை; ஜீரோவுக்குக் கீழே இறங்கினால் அது தன் உச்சியான அறுபத்தைந்தரை கிலோவிலிருந்து பின்னால் எண்ணுகிறது... எலிசா, பைக் சாவி எங்கே?