ஏழுமலையின் கட்டைவிரலும் யாரும் படிக்காத பத்தியும்

மெடிக்கல் கோடிங் வேலைக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் என் அம்மாவின் சிநேகிதிகளுக்கு நான் இன்றுவரை பாதி டாக்டர், பாதி கம்ப்யூட்டர் இன்ஜினியர். இரண்டும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டால், "ஃபைல் வந்தாத்தான் ஆன்ட்டி பார்ப்பேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவக் குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் மேனேஜர் கேட்டார். வேலையின் சட்டதிட்டமெல்லாம் டிரெயினிங் புத்தகத்தில் இருக்கிறது. அதையே நானும் எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் எனக்கு நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

எங்கள் ஆபீஸ் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. பக்கத்துச் சுவரை ஒட்டி, தரைத்தளத்தில் ஒரு பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து வெட்டும் பவர் பிரஸ் காலையிலிருந்து டங், டங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஏசி போட்ட அறைக்குள் உட்கார்ந்திருந்தாலும் நாற்காலியில் அதிர்வு தெரியும்.

நான் பி.எஸ்சி. விலங்கியல். தவளையையும் கரப்பான்பூச்சியையும் அறுத்திருக்கிறேன், அவ்வளவுதான் என் மருத்துவ அறிவு. டிரெயினர் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, எந்தப் பக்கத்தையாவது திறந்து படிக்கச் சொன்னார். திறந்தேன். குழந்தை மூக்கில் போட்டுக்கொண்ட மணியை எடுப்பதற்கு ஐந்து இலக்கத்தில் ஒரு எண். இன்னொரு பக்கத்தில், இறந்தவரின் இதயத்தை எடுத்து உயிரோடு இருப்பவருக்கு வைப்பதற்கு ஓர் எண். இரண்டும் அதே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. காது, கண், மூளை, குடல், கருப்பைக்குள் இருக்கும் சிசு என்று பக்கம் பக்கமாகப் போனது. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனின் உடம்புக்குள் கைவிட்டுச் சரிசெய்யக்கூடியது இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு சர்ஜன் அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு, தான் செய்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அது எழுத்தாகி எங்கள் திரைக்கு வரும். அதற்கு ஆப் நோட் என்று பெயர். அதைப் படித்து, என்னென்ன செய்தாரோ அதற்குரிய எண்களைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இன்சூரன்ஸும் நோயாளியின் ரெக்கார்டும் நகரும். முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டார்கள்: நோட்டில் இல்லாதது நடக்கவில்லை. ஊகிக்காதே.

2. பிரவீண் அனுப்பிய மெயில்

மூன்றாவது வருடம் என்னைக் கை அறுவை சிகிச்சைகளுக்கு மாற்றினார்கள். அங்கே ஆடிட்டர் பிரவீண். நாங்கள் போட்ட எண்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. தேனிப் பக்கத்துப் பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். டீக்கடையில் "செல்வி அக்கா" என்பான், மெயிலில் "டியர் கோடர்" என்பான். அந்த 'டியரை'ப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் அப்படி ஒரு மெயில் வந்தது. மர அறுவை இயந்திரத்தில் சிக்கிய கட்டைவிரலை மறுபடி ஒட்டவைத்த கேஸ். நான் மறு இணைப்புக்கான எண்ணைப் போட்டிருந்தேன். பிரவீண் அதைத் தப்பு என்று அடித்திருந்தான். நேரே அவன் இடத்துக்குப் போய் நின்றேன்.

"ரீப்ளான்டேஷன்னு ஹெட்டிங்லயே இருக்கே, பிரவீண். கண்ணு தெரியலையா?"

"ஹெட்டிங் இருக்குக்கா. மேல பேஷன்ட் ஹிஸ்டரி பத்தி இருக்குல்ல, அதப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை. நோயாளி எப்படி அடிபட்டார், யார் கொண்டுவந்தார்கள் என்று முதலில் ஒரு பத்தி வரும். அதில் எண் எதுவும் கிடைக்காது என்பதால் எல்லோரும் தாண்டிவிடுவோம். அந்தப் பத்தியில், விரல் கொஞ்சம் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தது. முழுதாகத் துண்டாகியிருந்தால்தான் அந்த எண். தோலில் தொங்கினால் எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. இனி என் நோட்டில் ஒரு எழுத்தைக்கூட இவன் பிடிக்கக் கூடாது என்று, அன்றிலிருந்து ஒவ்வொரு நோட்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க ஆரம்பித்தேன். என் புரொடக்‌ஷன் தரைக்கு வந்துவிட்டது, ஒரு நாளில் முடிக்க வேண்டிய ஃபைல் கணக்கில் பாதிகூடத் தேறவில்லை. டீம் லீடு தினமும் என் தலைக்குப் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டார்.

வீம்புக்குப் படிக்க ஆரம்பித்தவள், பிறகு விட முடியாமல் படித்தேன். முதலில் எலும்பைக் கம்பியால் நிறுத்துகிறார்கள். பிறகு தசைநாண். பிறகு மைக்ரோஸ்கோப்பை இழுத்துவைத்துக்கொண்டு, முடியைவிட மெல்லிய நூலால், பென்சில் முனை அகலம்கூட இல்லாத ரத்தக்குழாயின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். எல்லாம் ஒரு விரலுக்காக! கட்டைவிரல் என்றால் இன்னும் கூடுதல் பாடு. மற்ற நான்கு விரல்களையும் சேர்த்துப் பேசுகிற எங்கள் புத்தகமே அதற்கு மட்டும் தனி எண்கள் வைத்திருக்கிறது. படித்துவிட்டு என் கையை மேஜை மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யாரும் படிக்காத முதல் பத்தியில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. துண்டான பாகம் எப்படி வந்து சேர்ந்தது என்று சர்ஜன் தவறாமல் சொல்வார். சலைன் உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்றிருக்கும். சிலதில், நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவந்ததால் திசு உறைந்துவிட்டது, இணைக்க முடியவில்லை என்றிருக்கும்.

3. சத்தம் நின்ற மதியம்

அடுத்த வருடம், ஒரு மதியம். மூன்றே முக்கால் இருக்கும். நானும் பிரவீணும் கீழே டீக்கடையில் நின்றிருந்தோம். பவர் பிரஸ் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு உள்ளே ஒரே கூச்சல்.

ஏழுமலையை இரண்டு பேர் தாங்கி வெளியே கொண்டுவந்து, கடை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பிரஸ் ஆபரேட்டர், அயனம்பாக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் எங்களோடு நின்று டீ குடிப்பவர். வலது கையைப் பனியன் வேஸ்ட் துணியால் சுற்றியிருந்தார்கள். துணி சிவந்துகொண்டே இருந்தது. பின்னாலேயே சூப்பர்வைசர் தாமோதரன் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு ஓடிவந்தார். டம்ளருக்குள் கட்டைவிரல் இருந்தது.

"ஐஸ்ல போடுபா, ஐஸ்ல போடு" என்று கூட்டம் கத்தியது. தாமோதரன் கரும்பு ஜூஸ் கடையின் ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"போடாதீங்க!" என்று ஒரு கத்தல். கத்தியது நான்தான் என்பது எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"இன்னாம்மா நீ? ஐஸ்ல வெக்காம வெயில்ல காய வெப்பாங்களா?"

"ஐஸ் நேரா படக்கூடாது சார். பட்டா விரல் செத்துடும். ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டு, கவரத்தான் ஐஸ்ல வைக்கணும்."

"நீ டாக்டரா?"

"இல்ல."

"நர்ஸா?"

"இல்ல."

"அப்ப கம்முனு ஓரமா நில்லு."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த டம்ளரை விட்டு என் கண் நகரவில்லை. பெஞ்சிலிருந்து ஏழுமலை பேசினார். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அண்ணாத்தே, அந்தம்மா தெனம் இத்தத்தான் பட்ச்சிகினு கீது. அது சொல்றாமாரி செய். வெரலு என்துபா."

தாமோதரன் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

பிரவீண் அதற்குள் எதிர் மெடிக்கலுக்கு ஓடியிருந்தான். காஸ் துணி, ஒரு சலைன் பாட்டில், புதிய ஜிப் கவர் இரண்டு என்று ஒன்றுகூட விடாமல் வாங்கிவந்தான். அவனும் அந்தப் பத்தியைப் படித்தவன் அல்லவா! ஏழுமலையின் கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டவைத்தேன். விரலை எடுத்தேன். அதுவரை நூற்றுக்கணக்கான கைகளைத் திரையில் படித்தவள், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. நகத்தடியில் கிரீஸ் இருந்தது. இன்னும் சூடாக இருந்தது. சலைனை மெதுவாக ஊற்றிவிட்டு, காஸை நனைத்துப் பிழிந்து சுற்றினேன். ஒரு கவரில் போட்டுக் காற்று போகாமல் மூடினேன். இரண்டாவது கவரில் ஐஸும் தண்ணீரும் கலந்து, அதற்குள் முதல் கவரை வைத்தேன்.

"இங்க பக்கத்துல நர்சிங் ஹோம் கீது. நம்ம ஆளுங்கள அங்கதான் இட்டுகினு போவோம். தச்சி வுட்ருவாங்க" என்றார் தாமோதரன்.

தைத்துவிடுவது என்றால், துண்டான விரலை விட்டுவிட்டு, கையில் இருக்கும் மிச்சத்தை மூடிவிடுவது. அதற்கும் எங்கள் புத்தகத்தில் எண் உண்டு. நிறையப் போட்டிருக்கிறேன்.

"தச்சிட்டா அப்புறம் ஒட்டவைக்க முடியாது சார். கை ஆபரேஷனுக்குத் தனிப் பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. போற வழியிலேயே போன் பண்ணிச் சொல்லுங்க."

மெடிக்கல் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வலது கட்டைவிரல். முழுதாகத் துண்டு. தோல் ஒட்டு இல்லை. அடிபட்டது 3.45. ஐஸ் பையில் வைத்தது 4.02. கடைசியாகச் சாப்பிட்டது 1 மணி. ஒரு சர்ஜன் எதையெல்லாம் கேட்பார் என்று அவர்களின் நோட்டைப் படித்தே எனக்கு மனப்பாடம். ஆட்டோ கிளம்பிப் போனது.

மாடிப்படி ஏறும்போது பிரவீண் நின்றான்.

"அக்கா, நாம செஞ்சது தப்பா இருந்தா?"

ஊகிக்காதே என்று போர்டில் எழுதிய தொழிலில் இருந்துகொண்டு, நடுத்தெருவில் ஒரு மனுஷனின் விரலை வைத்து முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போகிற வழியில் தாமதமாகி, நர்சிங் ஹோமில் செய்திருக்கக்கூடியதும் கெட்டுப்போனால்? அவர் பிழைப்பே அந்தக் கையில்தான்.

4. ஐந்து வாரம்

மறுநாள் தாமோதரனைப் பிடித்துக் கேட்டேன். "ஆப்ரேசன் பண்ட்டாங்க. விடிய விடிய பண்ணாங்களாம். புடிக்குமான்னு கேட்டா, பாக்கலாம்றாங்க" என்றார். அடுத்த வாரம் கேட்டபோதும் அதே பாக்கலாம். அப்புறம் அவரும் வேறு ஷெட்டுக்கு மாறிவிட்டார்.

எங்கள் வேலையில் ஒரு வினோதம் உண்டு. ஆப் நோட் தையல் போட்ட இடத்தோடு முடிந்துவிடும். ஒட்டவைத்த விரல் பிழைத்ததா, கறுத்துப்போய் எடுத்துவிட்டார்களா என்பது வேறொரு நாள் வேறொரு நோட்டாக, வேறு யார் திரைக்கோ போகும். இத்தனை வருடத்தில் நான் படித்த ஒரு கைக்குக்கூட முடிவு எனக்குத் தெரியாது. அதை நினைத்து நான் கவலைப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வாரமும் அது மட்டும்தான் நினைப்பு. கட்டைவிரல் கேஸ் வந்தால், நான் பார்க்க வேண்டாமென்று பிரவீணே வாங்கித் தன் பக்கம் போட்டுக்கொள்வான்.

புதுப் பிள்ளைகளே, நான் சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண் கிடைக்காத வரிகளையும் படியுங்கள். புரொடக்‌ஷன் குறைந்தால் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரிகளில்தான் ஆள் இருக்கிறார்.

ஐந்தாவது வாரக் கடைசியில் டீக்கடைக்குப் போனபோது, ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் பாதிக் கட்டு. என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

கட்டைவிரல் இருந்தது. கொஞ்சம் வீங்கி, நுனியில் ஒரு கம்பி துருத்திக்கொண்டு, நகம் இல்லாமல், சுற்றிலும் தையல் தழும்போடு, இருந்தது.

"ஊசில குத்துனா தெர்ல மேடம். போகப்போக வரும்னு சொல்லிகிறாங்க. தொட்டுப் பாரு."

ஒவ்வொரு ஆப் நோட்டின் கடைசியிலும் சர்ஜன் ஒரு வரி சொல்வார்: விரலை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்புகிறது. அதற்கும் எண் கிடையாது. அதை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை, ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். கம்பியில் படாமல், விரலின் சதையை ஒற்றை விரலால் மெல்ல அழுத்தினேன். அழுத்திய இடம் வெளுத்தது. விட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அடியிலிருந்து நிறம் ஏறி, மறுபடி இளஞ்சிவப்பாக நிறைந்தது. இன்னொரு முறை அழுத்தினேன். மறுபடி வந்தது. யாரோ ஒருவர் விடிய விடியக் கண்ணை எடுக்காமல் தைத்த அந்தக் குழாய் வழியாக, என் கண் முன்னால், ஏழுமலையின் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் விரலை விடாமல் அப்படியே நின்றிருந்தேன். ஏழுமலை குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா மேடம், உசுரு கீதா?"

"கீதுண்ணா" என்றேன்.