மூன்று பித்தளை, ஒரு இரும்பு

உறவுக்குள் அவருக்கு ஸ்க்ரூவாயர் என்று பெயர். கார் மெக்கானிக். கழற்றிய ஸ்க்ரூவைத் தட்டில் போடமாட்டார், உதட்டில் கவ்விக்கொள்வார். "கீழ வச்சா உருண்டு ஓடிடும், வாய்ல இருந்தா எங்க ஓடும்?" என்பார். நாற்பது வருஷம் அந்த வாயோடுதான் பேசினார், சிரித்தார், ஊரையும் வைதார்.

அவருடைய அத்தான், அதாவது அக்காள் வீட்டுக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். அவரிடம் முப்பது வயசுக் கார் ஒன்று இருந்தது. மகன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதில்தான், நாலு மாசத்துக்கு முன்னால் மருமகள் வந்து இறங்கியதும் அதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடு ஏறும்போது கார் திடீரென்று உதறியது. இழுவை போய்விட்டது. கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். ஸ்க்ரூவாயர் வந்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்தார். கருவி எதையும் எடுக்கவில்லை. கூடத்தில் அக்காள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"கம்ப்ரஷன் இல்ல. பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு. ஆயில் பாக்காம ஓட்டியிருக்கீங்க அத்தான்."

"போன வாரம்தான் பாத்தேன் மாப்ளே."

"ஆயிலப் பாத்தீங்களா, ஆகாசத்தப் பாத்தீங்களா? கண்ணாடி போட்டும் தெரியலேன்னா சாவிய மகன்கிட்ட குடுத்துட்டு உக்காரணும்."

மகன் சிரித்தான். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சாவியை எடுத்து மகன் கையில் கொடுத்தார். "வயசாச்சுல்ல" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் பட்டறையில் ஸ்க்ரூவாயர் பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரஷன் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார். நாலு சிலிண்டரில் மூன்றில் முள் ஒழுங்காக ஏறியது. மூன்றாவதில் மட்டும் அசையவே இல்லை. அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய்க்கு முள் கொஞ்சமாவது ஏறும். ஏறவில்லை. அப்படியானால் ரிங் இல்லை, வால்வு. 

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினார். பிஸ்டன் தலையெல்லாம் கொத்தினாற்போல் குழி. வால்வு மூடமுடியாமல் கோணிக்கொண்டு நின்றது. அதன் இடுக்கில், தலை நசுங்கிய ஒரு பித்தளை ஸ்க்ரூ.

அவர் கார்ப்பரேட்டரைத் திரும்பிப் பார்த்தார். அதன் மூடியில் மூன்று பித்தளை ஸ்க்ரூ, ஒன்று இரும்பு. இரும்பை மாட்டியது அவரேதான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், அத்தான் வீட்டு வாசலில் கார்ப்பரேட்டரைத் திறந்து வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அத்தானின் புதுப் பல்செட்டைக் கேலி பண்ணித் தானே சிரித்தபோது உதட்டிலிருந்து ஒன்று நழுவியது. தரையில் தேடினார். கிடைக்கவில்லை. கார்ப்பரேட்டர் வழியாக எஞ்சினுக்குள் விழுந்திருக்குமோ என்று தோன்றாமல் இல்லை, தோன்றியது. கழற்றிப் பார்க்க அரை நாள் பிடிக்கும், பசி வேறு. மண்ணில் போயிருக்கும் என்று மனசைச் சமாதானம் பண்ணி, டப்பாவிலிருந்து இரும்பு ஸ்க்ரூவை எடுத்து முடுக்கிவிட்டார்.

இப்போது அந்தப் பித்தளை ஸ்க்ரூவைச் சாக்கடையில் வீசினால் யாருக்குத் தெரியும்? கையை ஓங்கியும்விட்டார். அப்போது அக்காள் போன் பண்ணினாள்.

"தம்பி, உங்க அத்தான் பஸ்ஸுல போறாரு. அவரு செஞ்ச தப்புக்கு நீ கெடந்து கஷ்டப்படுறியாம், ஒன்கிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னாரு."

ஓங்கிய கையை இறக்கினார். ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலு நாளில் புது வால்வு போட்டு, பிஸ்டனையும் மாற்றி, காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அத்தான் வாசலில் தனியாக நின்றது அவருக்கு நல்லதாகப் போயிற்று. ஸ்க்ரூவை அத்தானின் உள்ளங்கையில் வைத்து, நடந்ததைத் தலை நிமிராமல் சொன்னார்.

அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"என்னையச் சொன்னது கூடத்துல வச்சுத்தான மாப்ளே? இதையும் அங்கயே வந்து சொல்லிடு."

கூடத்தில் அதே நாலு பேர். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஸ்க்ரூவாயர் சொல்லிமுடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"எல்லாரு முன்னாலயும் அவர அந்தப் பேச்சு பேசுனியேடா" என்றாள் அக்காள்.

மகன் சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தான். அத்தான் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பானெட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னாலேயே வந்து நின்ற மருமகளிடம் காட்டினார்.

"இந்தக் கோடு வரைக்கும் இருக்கணும்மா. நான் வாராவாரம் பாப்பேன்."

உள்ளே ஸ்க்ரூவாயருக்கு அது நன்றாகவே கேட்டது. டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.