யார் கொரலுன்னு சொல்லு

ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் ரேடியோ வைத்திருந்த வீடுகளில் பாதியிலாவது சோலைமலையின் கை பட்டிருக்கும். அது பிற்பாடு. ஐம்பத்தொன்பதில் அவருக்குப் பத்தொன்பது வயது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லை. தாய்மாமன் வீரய்யாவும் அத்தை ராக்காயியும் வளர்த்தார்கள். வீரய்யாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் வேலை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் ஒற்றைக் காம்பரா. மூன்று பேருக்கும் அதுதான் வீடு.

முதல் ரேடியோவை அவரே செய்தார். ஒரு கலீனாக் கல், அதைத் தொட ஒரு ஊசிக் கம்பி, அட்டைக் குழலில் சுற்றிய செம்புக் கம்பி. ஏரியல் சவுக்கு மரத்தில், எர்த் தண்ணீர்க் குழாயில். மின்சாரம் தேவையில்லை. ஆனால் கேட்பதற்கு இருந்தது ஸ்டோரில் கழித்துப் போட்ட டெலிபோனின் காதுக்குமிழ் ஒன்றுதான். பேச்சுக்காகச் செய்த பொருள் அது. கீழ்ச் சுருதியும் வராது, மேல் சுருதியும் வராது. அதையே காதில் அமுக்கிக்கொண்டு கிடப்பார்.

"என்னடா மாப்ள, அதுக்குள்ள பொண்ணு கிண்ணு இருக்கா?" என்பார் வீரய்யா.

"நாதஸ்வரம் மாமா. கேட்டுப் பாருங்க."

வீரய்யா ஒரு நிமிடம் காதில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். "கோழிய அமுக்கிப் புடிச்ச மாதிரில்ல இருக்கு!"

இந்தக் கிறுக்கு அந்தத் தோட்டத்தில் இன்னொருவனுக்கும் இருந்தது. ஆட்களை வேலை வாங்கும் பெரியகங்காணியின் மகன் சின்னராசா. ஹட்டனில் படித்தவன். லயத்து ஆட்களை வாசலோடு நிறுத்தும் வீட்டில், சோலைமலையை மட்டும் தன் அறைவரை கூட்டிப் போவான். வால்வு எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டியவன் அவன்தான். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன டேப் ரெக்கார்டரும் ஹெட்போனும் அவனிடம் வந்திருந்தன. சோலைமலை அந்த ஹெட்போனைத் தொட்டுப் பார்த்திருந்தார். மாட்டிப் பார்த்ததில்லை. கேட்கக் கூச்சம்.

அந்த மாசியில் தோட்டம் கொதித்துக் கிடந்தது. கொழுந்து நிறுக்கும்போது கழிவு என்று சொல்லி அளவுக்கு மேல் பிடித்தார்கள். வேலைநிறுத்தத்துக்குச் சிலர் ஆள் சேர்த்தார்கள். யார் அவர்கள் என்று வெளியே தெரியாது. பெண்டாட்டி பிள்ளைகளிடமும் சொல்வதில்லை. தெரிந்தால் பத்துச்சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலை போகும், கூடவே காம்பராவும் போகும். பிரஜாவுரிமை இல்லாதவனை இன்னொரு தோட்டம் லேசில் சேர்க்காது. பெரியகங்காணி மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

காமன் கூத்து வந்தது. கூத்தைப் பதிவுசெய்யலாம் என்றான் சின்னராசா. சோலைமலைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டோரிலிருந்து ஒயர் இழுத்தவர் அவர். மைக்கை எங்கே கட்டுவது என்று கேட்டார்.

"வேஷம் கட்டுற கொட்டகையில கட்டு. வெளிய கட்டுனா தப்பு மேளச் சத்தம் எல்லாத்தையும் அமுக்கிரும்."

நியாயமாகத்தான் பட்டது. கொட்டகைக் கம்பில் உயரக் கட்டினார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சின்னராசா கூப்பிட்டு அனுப்பினான். மேசைமேல் ஹெட்போன் தயாராக இருந்தது.

"இன்னைக்குப் பரீட்சை இதுக்குத்தான். ஸ்பீக்கர்ல போட்டா ஒரே இரைச்சல். இது எவ்வளவு தூரம் பிரிச்சுக் காட்டுதுன்னு பாப்பம். ஒன் காது எமகாதகக் காதாச்சே. கண்ண மூடிக்க. துண்டு துண்டாப் போடுறேன். யார் கொரலுன்னு சொல்லு."

மாட்டினார். ரப்பர் மெத்தை இரண்டு காதையும் மூடியது. வெளி உலகம் நின்றது. சின்னராசா பொத்தானை அழுத்தினான்.

தப்பின் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. அடி விழுந்தபின் தோல் அதிர்ந்து அடங்குவதுவரை கேட்டது. யாரோ தீக்குச்சி உரசினார்கள். குச்சி பற்றுவதற்கு முந்தின உரசல் தனி, பற்றின சீறல் தனி. பத்தொன்பது வருடமாகத் துணி போர்த்திய காதோடு நடந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

டேப்பை ஓட்டி வேறொரு துண்டைப் போட்டான். ஒரு செருமல், ஒரு "ஆமா".

"சித்தப்பா!" என்று சிரித்தார் சோலைமலை. "வெத்தலைய ஒதுக்கிட்டுப் பேசுறாரு."

"ஒங்க லயத்துல பேரா சொல்றீங்க? எல்லாரும் மாமன், மச்சான், சித்தப்பா. எந்தச் சித்தப்பா?"

"மாயாண்டிச் சித்தப்பா."

அடுத்த துண்டு. இரண்டே சொல்.

"இது அண்ணன். மூக்கண்ணன். பல்லு போன எடத்துல காத்து போகுது பாரு!"

லயத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கொட்டகைக்குள் நடந்த வேலைநிறுத்தப் பேச்சு பதிவாகியிருந்த அந்த டேப் முழுக்க உறவுமுறைதான் இருந்தது, ஒரு பெயர்கூட இல்லை. அதனால்தான் அந்த வீட்டுக்கு அவர் தேவைப்பட்டார். அது அவருக்கு உறைக்கவில்லை. குரல் என்ன சொல்கிறது என்பதை அவர் கவனிக்கவேயில்லை. சத்தத்தின் நேர்த்தியில் கிடந்தார்.

மூன்றாவது துண்டு. சொல்லுக்கு முன்னால் ஒரு இழுப்பு, ஓலைக்குள் காற்றுப் புகுவதுபோல். சோலைமலை துள்ளினார்.

"எங்க மாமா! எங்க வீரய்யா மாமா! மூச்ச இழுத்துட்டுப் பேசுறது கேக்குதா? அடேயப்பா, என்னா ஹெட்போன்டா இது!"

சின்னராசாவும் சிரித்தான். தேநீர் வந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் கூடி நிற்க, வேலை பிரிப்பதற்கு முன் பெரியகங்காணி முன்னால் வந்தார். தான் பெயர் படிக்கும் ஆட்கள் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றார்.

"மாயாண்டி. மூக்கன். வீரய்யா."

முந்தின நாள் சோலைமலை சொன்ன அதே வரிசை. அதைக்கூட மாற்றவில்லை.

சோலைமலை கவ்வாத்துக் கத்தியைப் போட்டுவிட்டு நேராகப் பெரியகங்காணி வீட்டுக்கு நடந்தார். சின்னராசா அறையில்தான் இருந்தான்.

"பாட்டுக் கேக்கத்தானடா கூப்ட்ட?"

"நான் தப்பா ஏதும் கேட்டேனா சோலை? கொரலத்தான் கேட்டேன். பேரு நீ சொன்னது."

"மைக்க அங்க கட்டச் சொன்னது யாரு?"

சின்னராசா ஜன்னலைப் பார்த்தான். "அப்பா சொன்னாரு. நான் என்னா பண்ண?" பிறகு ஹெட்போனை எடுத்து நீட்டினான். "இத நீயே வச்சுக்க. எனக்கு இதோட அருமை தெரியாது."

சோலைமலை கையை நீட்டிவிட்டார். அதுதான் அவரைக் கடைசிவரை அறுத்தது. விரல் ரப்பரில் பட்டபிறகுதான் கையை இழுத்துக்கொண்டார்.

லயத்தில் ராக்காயி சட்டிபானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். வீரய்யா படியில் குந்தியிருந்தார்.

"எந்த நாய் காட்டிக் குடுத்துச்சோ" என்றார் ராக்காயி.

"நான்தான் அத்தை."

ராக்காயியின் கை கயிற்றிலேயே நின்றது. சோலைமலை எல்லாவற்றையும் சொன்னார். மைக், டேப், ஹெட்போன், விளையாட்டு. முடிந்ததும் வீரய்யா ஒன்றுதான் கேட்டார்.

"என் கொரலு எப்புடிடா தெரிஞ்சுச்சு?"

"பேசுறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்குறீங்க மாமா. நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி. சுத்தமாக் கேட்டுச்சு."

வீரய்யா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஸ்டோர்த் தூள் அந்த நெஞ்சில் இறங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இத்தன வருசமா ஒன் பக்கத்துலதானடா படுத்துக் கெடந்தேன். அப்பல்லாம் கேக்கலயா ஒனக்கு?"



மத்தியான பஸ்ஸுக்கு வீட்டார் மூவரும் கிளம்பினார்கள். நீ இரு, உன் பேர் வெட்டுப்படவில்லை என்றார் ராக்காயி. சோலைமலை கேட்கவில்லை. கனத்த மூட்டையைத் தூக்கப் போனார். வீரய்யா அதை முந்தி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். ஏற்றத்தில் அவர் மூன்று முறை நின்றார். பின்னால் நடந்த சோலைமலைக்கு ஒவ்வொரு மூச்சும் கேட்டது, காதில் எதுவும் மாட்டாமலே.