சண்டைக் காலத்துப் பெண்கள் புத்தகம்

வாணியம்பாடி பழைய பேப்பர் கடையில் பாய் ஒரு பெண்கள் பத்திரிகையை எடுத்து நீட்டினார். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது வந்தது.

"இந்தச் சண்டைக் காலத்துப் புக்கு எத்தினி சேத்துட்டீங்கம்மா?"

"இருபத்தாறு பாய்."

பிரித்தேன். பூஞ்சைபிடித்த தாள் வாசனை.

காவலூர் மலையில் எங்கள் வீட்டுச் சாமை மூட்டைமேல் அடுக்கிய புத்தகங்களில் இந்த வாசனைதான் அடிக்கும். அம்மா அங்கே நட்சத்திரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்காரர்களின் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்து, பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வருவாள். எட்டு வயதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வேன். அப்பாவுக்கு அது ஆகாது.

"பொட்டச்சிக்கு இன்னாடி புக்கு?" என்று ஒருநாள் அடுப்பில் போடப் போனார். அம்மா பிடுங்கினாள். அப்பா கொடுவாளை வீசினார். அவள் முன்கை எலும்பு தெரியப் பிளந்தது. சுவரெல்லாம் ரத்தம்.

பத்திரிகையில் பார்த்த படம் ஒன்று ஞாபகம் வந்தது. அடிபட்ட சிப்பாய்க்கு ஒரு பெண் காயத்துக்கு மேலே துணி கட்டி, குச்சி செருகி முறுக்குவாள். நான் புடவையைக் கிழித்துக் கட்டினேன். அகப்பைக் காம்பைச் செருகி முறுக்கினேன்.

"வுடுடி, உயிர் போவுது!"

"கத்து. வுடமாட்டேன்."

திருப்பத்தூர் ஆஸ்பத்திரிவரை குவார்ட்டர்ஸ் ஜீப்பில் காம்பைப் பிடித்துக்கொண்டே போனேன். அம்மா பிழைத்தாள்.

திரும்பி வந்தபோது அப்பா எல்லாப் புத்தகத்தையும் எரித்திருந்தார். அம்மா நல்ல கையால் அதே கொடுவாளை எடுத்தாள்.

"இன்னொரு தபா கைய ஓங்கு, வெட்டுவேன். உனுக்குக் கட்டுப்போட எம்பொண்ணு வரமாட்டா."

சாகும்வரை அப்பா அவளைத் தொடவில்லை.

இந்தப் புத்தகத்திலும் அந்தப் படம் இல்லை. பாயிடம் அடுத்த பத்திரிகைக் கட்டை அவிழ்க்கச் சொன்னேன்.