இரண்டாவது ரிங் செட்

அப்போது ஹட்டனில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏற்றம் ஏறியே தேய்ந்த என்ஜின் ஒருநாள் இழுக்காமல் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன்கள் இன்னும் தாங்கும். அவற்றைச் சுற்றியிருந்த ரிங்குகளைத்தான் மாற்ற வேண்டும்.

வெளிநாட்டுச் சாமான் சரியாக வராத காலம் அது. நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் கடையில் இரண்டே ரிங் செட் இருந்தன. எனக்கு ஒன்று போதும். எங்கள் கார் ஸ்டாண்டிலேயே அதே மாதிரிக் கார் வைத்திருந்த ராமையா அண்ணன், புகை கக்கும் என்ஜினுக்கு ரிங் தேடி அலைவது தெரிந்தும், பின்னால் உதவுமென்று இரண்டையும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. என் என்ஜினோ துண்டு துண்டாகக் கிடந்தது. ஸ்டாண்டுக்கு ஓடினால், அங்கே நின்றது ராமையா அண்ணனின் கார் மட்டும்தான். வழியில் நிறுத்தி நிறுத்தி என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றி, மேடெல்லாம் புகைவிட்டுக்கொண்டே டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மகள் பிறந்ததும் வாசலுக்கு வந்து சொன்னேன்: "அண்ணே, இன்னொரு ரிங் செட்டு எங்கிட்டத்தாங்க இருக்கு."

"தெரியும் தம்பி. கடைக்கார நானா நேத்தே சொல்லிட்டாரு. போங்க, புள்ளையப் பாருங்க."

அந்த செட்டை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.